ஒரே பக்கம் சுற்றிய இரண்டு சக்கரங்கள்

செல்வின், ஜெனிட்டா, பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பட்டறையில் உங்களோடு வேலை செய்கிறவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு "சரிப்பா, புரிஞ்சுதுப்பா" என்று பதில் போடுகிறீர்கள். அதனால்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

நேற்று செல்வின் போன் செய்தான். நம்ம திருப்பூர் ராயபுரத்திலிருந்து ஒரு பழைய கார் வந்திருக்கிறதாம். வாங்கப் போகிறவர், அதில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னாராம்.

"அப்பா, பின்னாடி ரெண்டு வீலையும் தூக்கிட்டேன். ஒண்ணைச் சுத்துனா இன்னொண்ணும் அதே பக்கம் சுத்துது. லிமிடெட் ஸ்லிப்தான். பார்ட்டிகிட்ட சொல்லிரட்டா?"

"வேற என்ன பாத்தே?"

"வேற என்னப்பா பாக்கணும்? வீடியோல இதைத்தான் போட்டிருக்கான்."

போனை வைத்துவிட்டேன். அவன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள். மாத்திரை போட்டால் அடங்குகிற எரிச்சல் இல்லை அது. அவன் சொன்ன அதே பதிலை, அதே தைரியத்தோடு, முப்பது வருட அனுபவத்துக்குப் பிறகு நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதை நம்பி அவர் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். இதை நான் வீட்டில் சொன்னதே இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுவதுதான் பின்னால் இருக்கிற டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு தொல்லை உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் அது மட்டும் கிறுகிறுவென்று சுற்றும், நல்ல தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும். லிமிடெட் ஸ்லிப் என்றால் உள்ளே தட்டுகள் இருந்து இரண்டு சக்கரத்தையும் ஓரளவு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அந்த ஓரளவைக் கவனியுங்கள். வளைவு வந்தால் தட்டுகள் வழுக்கி விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுக்கவில்லை என்றால் அது லிமிடெட் ஸ்லிப் இல்லை.

நான் அப்படிச் சொல்லி அனுப்பிய பார்ட்டி ஊத்துக்குளிப் பக்கத்துக்காரர். பெயரை நாச்சிமுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் தோட்டம், திருப்பூரில் பனியன் கம்பெனி. வெளிநாட்டில் செய்த ஒரு பழைய இரண்டு கதவுக் காரை வாங்கி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். மழை பெய்தால் தோட்டத்துச் செம்மண் ஏற்றத்தில் அது ஏறாது, ஒரு சக்கரம் மட்டும் சுற்றும். வேறு ஒரு கார்க்காரர் அவரிடம் லிமிடெட் ஸ்லிப் போட்டால் ஏறும் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

பழைய இரும்புக் கடை ஒன்றில் அந்தக் காருக்குப் பொருந்துகிற டிஃபரன்ஷியல் வந்திருக்கிறது என்று தகவல் கிடைத்தது. இரண்டு பேரும் போனோம். மூடியின் போல்ட்டில் ஒரு சின்னத் தகடு தொங்கியது. அதில் பல்சக்கரங்களின் பல் கணக்கைக் குறிக்கும் எண்ணுக்கு முன்னால் எஸ் என்ற எழுத்து. அந்தக் கம்பெனி லிமிடெட் ஸ்லிப்புக்கு அப்படித்தான் அடையாளம் போடும். மரக்கட்டை மேல் வைத்து ஒரு பக்கத்தைச் சுற்றினேன். மறுபக்கமும் அதே திசையில் சுற்றியது. சாதாரணமாக இருந்தால் எதிர்த்திசையில் சுற்றியிருக்கும்.

"மூடியக் கழட்டிப் பாக்கலாங்களா?" என்று கேட்டேன்.

"தாராளமாப் பாருங்க. ஆனா பிரிச்சா எடுத்துக்கோணுமுங்க" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நாம் என்ன பதில் சொன்னாலும், அது சரியாகவே இருந்தாலும், "சரி, வேற என்னவா இருக்கலாம்?" என்று கேட்பார். பேரிங் போயிருக்கு என்றால், "சரி, பேரிங் நல்லாருக்குன்னு வச்சுக்க, வேற என்னவா இருக்கலாம்?" சோற்றில் கை வைக்கும் நேரத்தில்கூடக் கேட்பார். ஒரு நாளாவது இவர் வாயை அடைக்க வேண்டும் என்று எனக்கு இருக்கும். அன்றைக்கு இரும்புக் கடையில் அந்தக் கேள்வி நியாயமாக எனக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தகடு ஒரு போல்ட்டில் தொங்குகிறது, போல்ட்டைக் கழற்றினால் தகட்டை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். சக்கரம் ஒரே பக்கம் சுற்ற வேறு காரணமும் உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் நாச்சிமுத்து நின்று, "உங்க கண்ணுல பட்டாப் போதுமுங்ணா, அதுக்கு மேல என்ன பிரிச்சுப் பாக்கறது" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. "ஒரிஜினல்தாங்க, எடுத்துக்கலாம்" என்றேன்.

மாற்றுகிற வேலையைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். வியாழக்கிழமை மாட்டி முடித்து, தட்டுகளுக்கு உண்டான எண்ணெய் ஊற்றி, சாவியைக் கொடுத்தேன். அவர் ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கி, காரைச் சுற்றி வந்து, தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. திருப்பறப்ப மட்டும் பின்னால ஏதோ தத்தற மாதிரி… எனக்குத்தான் அப்படித் தோணுதாட்ட இருக்குதுங்க."

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். காரில் ஏறி ஒரு வட்டம் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். செய்யவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "லிமிடெட் ஸ்லிப்னா அப்படித்தாங்க. தட்டெல்லாம் எண்ணெய் குடிக்கணும். கொஞ்ச தூரம் ஓடுனா அடங்கிரும்" என்றேன்.

இது முழுப் பொய்யும் இல்லை. உண்மையான லிமிடெட் ஸ்லிப் புதிதில் லேசாகத் தத்தும். அதுதான் கொடுமை. முழுப் பொய்யாக இருந்தால் என் வாயிலிருந்தே வந்திருக்காது.

இந்த ஊர் மரியாதையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். எங்கள் ஊரில் என்றால் சாவியை மேசையில் எறிந்து, "என்னய்யா மாட்டியிருக்க, கோழி மாதிரி தத்துது" என்று கத்தியிருப்பார்கள். நாமும் பதிலுக்குக் கத்திக்கொண்டே போய்ப் பார்ப்போம், வண்டி சரியாகும். இங்கே அப்படிச் சொல்ல மாட்டார்கள். வண்டி தீப்பிடித்தாலும் "கொஞ்சம் சூடாகுதுங்களாட்ட இருக்குது" என்பார்கள். நீங்கள் இங்கேயே பிறந்தவர்கள், உங்களுக்கு இது விளங்குவதில்லை. இங்கே ஒருவர் லேசாகச் சத்தம் வருகிறது என்றால் சக்கரம் கழன்று வருகிறது என்று எடுத்துக்கொண்டு எழுந்து போங்கள். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கு அந்த வண்டியை வெளியே விடாதீர்கள்.

சனிக்கிழமை காலையில் நாச்சிமுத்துவின் கம்பெனிக்குப் போனேன். கம்பெனி வேனுக்குப் பிரேக் பார்க்க வேண்டியிருந்தது. வேலையை முடித்து எழுந்தால், செக்கிங் பகுதியின் சூப்பர்வைசர் சரசக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். மூலனூர்க்காரர். ஒரு பனியனில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஏனுங்ணா, உங்க ஆயிலக் கொண்டாந்து ஊத்தறதுக்கு எங்க வாசல்தான் கெடைச்சுதுங்களா?"

"என்ன ஆயிலுங்க?"

கையில் இருந்த வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினார். ஓரத்தில் கறுப்பாக இழுத்திருந்தது. "நேத்து எறக்குன துணி ரோலுங்க. பாலித்தீன் கிழிஞ்ச எடத்துல பூரா இப்படி. தரையில இருந்துதான் ஒட்டுது. இந்த நட்டத்த யாரு கட்டறது? வாங்கற பையர் கேட்டா உங்க பேரச் சொல்லட்டுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என் மேல் இல்லாத பழியைப் போடுகிறார் என்ற வீறாப்பில், "வாங்க, எங்க ஆயில் இருக்குன்னு காட்டுங்க" என்று கூடவே போனேன். முன்பக்கச் சிமெண்டுத் தரையில் குனிந்து விரலால் தேய்த்தேன். பிசுபிசுப்பு இல்லை, வாசனை இல்லை. உலர்ந்த கறுப்புத் தூள். ரப்பர்.

"இது டயருங்க. ஆயில் இல்ல. லாரிக்காரன் எவனாச்சும் சர்ருனு திருப்பியிருப்பான். அவனப் போய்க் கேளுங்க."

"லாரி பத்து வருசமா வருதுங்க. இது ரெண்டு நாளாத்தான். அப்படியே கோட்டப் புடிச்சிட்டுப் போய்ப் பாருங்க, எங்க போய் நிக்குதுன்னு."

கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். கேட்டிலிருந்து வளைந்து வந்தது. ஒரே இழுப்பாக இல்லை. பட்டை பட்டையாக, விட்டு விட்டு, டயர் தரையைப் பிறாண்டிப் பிறாண்டித் தாவின மாதிரி. வழக்கமாக முதலாளியின் கார் நிற்கிற நிழலில் போய் முடிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். லிமிடெட் ஸ்லிப் மெதுவாகத் திரும்பும்போது உள்ளே இருக்கும் தட்டுகள்தான் வழுக்கும், தரையில் இப்படிக் கோடு விழாது. டயர் தேய்கிறது என்றால் உள்ளே எதுவுமே வழுக்கவில்லை. சேற்றில் ஜீப் ஏற்றுகிறவர்கள் சிலர் சாதாரண டிஃபரன்ஷியலைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவார்கள். அப்புறம் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒரே பக்கம்தான் சுற்றும், ஒன்றாகத்தான் சுற்றும். சேற்றில் பிரமாதமாக ஏறும். தார் ரோட்டு வளைவில் ஒன்று டயர் வழுக்க வேண்டும், இல்லை ஆக்சில் ஒடிய வேண்டும். மழையில் மலை வளைவு என்றால் காரின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். நான் மாட்டியது அதைத்தான்.

"முதலாளி எங்கங்க?"

"கோத்தகிரிக்குங்க. காத்தால கெளம்பிட்டாங்க. அம்மாவும் பாப்பாவும் போறாங்க. புது டிஃபரென்சல்ல மலையேறிப் பாக்கோணும்னு ஒரு வாரமாச் சொல்லிட்டே இருந்தாருங்க."

போன் போட்டேன். எடுத்தார்.

"சொல்லுங்ணா."

"முதலாளி, எங்க இருக்கீங்க?"

"மேட்டுப்பாளையமுங்க. டிபன் சாப்பிட்டாச்சு, கெளம்பறமுங்க. மேல மழைங்கறாங்க."

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "ஒண்ணுமில்லீங்க, வண்டியில ஒரு சின்ன டவுட்டு" என்றேன்.

"அதுக்கென்னங்ணா. திங்கக்கெழமை கொண்டாந்து உடறனுங்க, பாத்துக்கலாம்."

அவர் வழியே போட்டுக் கொடுத்துவிட்டார். சரிங்க என்று சொன்னால் தீர்ந்தது. ஒருவேளை பத்திரமாகப் போய்த் திரும்பியும் விடுவார். திங்கட்கிழமை சத்தமில்லாமல் கழற்றிவிட்டு வேறு ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் 'சரிங்க' என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரசக்கா, "சின்ன டவுட்டுக்கு எதுக்குங்க இப்படித் தரையில உக்காந்துட்டீங்க?" என்றார்.

அப்புறம்தான் கத்தினேன். திருப்பூர் வந்ததிலிருந்து ஒரு பார்ட்டியிடம் அப்படிக் கத்தினதில்லை. "முதலாளி, வண்டியத் தொடாதீங்க! சாவிய அம்மாகிட்டக் குடுத்துருங்க. நான் மாட்டுனது லிமிடெட் ஸ்லிப் இல்ல. ஒட்டுப் போட்டது. நான் ஒழுங்காப் பாக்கல. தப்பு என்னோடது. மழையில மலையேறுனா மூணு பேரும் போயிருவீங்க!"



"செரிங்ணா" என்றார்.

பட்டறைக்குப் போய், கழற்றி வைத்திருந்த பழைய டிஃபரன்ஷியலைக் கம்பெனி வேனிலேயே ஏற்றினோம். கிளம்பும்போது சரசக்கா டிரைவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "இந்தப் பிரேக்காவது ஒழுங்காப் போட்டீங்களா?" பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் ஓரமாக இடம் கேட்டு வாங்கிக்கொண்டோம். கழற்றுவதற்கு முன்னால், இரும்புக் கடையிலிருந்து வந்த அன்றே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூன்று சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, மிச்சமிருந்த ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டு, தூக்கிய சக்கரத்தில் நீளமான பைப்பைக் கொடுத்து அழுத்தினேன். லிமிடெட் ஸ்லிப்பாக இருந்தால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு நகரும். சாதாரணமாக இருந்தால் கையாலேயே சுற்றும். இது மயிரிழைகூட நகரவில்லை. பைப்பின் மேல் ஏறி நின்றேன். கார்தான் ஆடியது.

டிஃபரன்ஷியலை இறக்கி, மூடியைக் கழற்றி, துணியால் துடைத்தோம். உள்ளே கரடுமுரடாக வெல்டிங். அதிலும் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. எந்த வளைவில் பிளந்து பல்லுக்குள் மாட்டியிருக்குமோ தெரியாது.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். "அப்ப நான் நெனச்சது செரிதானுங்களா?"

"என்ன நெனச்சீங்க?"

"பின்னால ரெண்டு டயரும் ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுதுன்னு நெனச்சனுங்க. பாப்பாகூடச் சொல்லுச்சு. நீங்க எண்ணெய் குடிக்கோணும்னீங்க. செரி, நமக்கென்ன தெரியும்னு உட்டுட்டனுங்க."

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. "ஏங்க, உங்க கம்பெனியில ஒரு தையல் கோணலா இருந்தா ஊரையே கூட்டுவீங்க. இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

"அது என்ற தொழிலுங்க. இது உங்க தொழிலுங்களே."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போய்விட்டேன். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செல்வின், இப்போதாவது அந்த ராயபுரத்துக் காரை ஒரு சக்கரத்தைத் தரையில் வைத்து, தூக்கிய சக்கரத்தில் பைப் போட்டுப் பார். நகர்ந்தாலும் மூடியைக் கழற்று. பார்ட்டி அவசரப்பட்டால் அவரிடம் தெரியாது என்று சொல். தெரியாது என்று சொல்வது உனக்குக் கேவலமாக இருந்தால், எங்கப்பா தெரியாது என்று சொல்லச் சொன்னார் என்று சொல். ஜெனிட்டா, அவன் சொல்கிறானா என்று நீ பார்த்துக்கொள். டிப்ளமோ படித்தவள் நீ, அவன் வீடியோவையும் அவன் வாயையும் பார்க்காதே, காரைப் பார்.

மேட்டுப்பாளையத்தில் பழைய டிஃபரன்ஷியலை மாட்டி முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. பக்கத்துக் காலி இடத்தில் நானே ஓட்டினேன். இந்தப் பக்கம் ஒரு வட்டம், அந்தப் பக்கம் ஒரு வட்டம், ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து. இறங்கி, மண்ணில் டயர் பிறாண்டிய தடம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். எல்லா போல்ட்டையும் மறுபடி ஒரு தரம் முறுக்கிப் பார்த்தேன். கார் பழையபடி சாதாரணக் கார். செம்மண் ஏற்றத்தில் ஏறாது. மலையில் ஒரு குறையும் இல்லாமல் ஏறும்.

நாச்சிமுத்துவின் மனைவியும் மகளும் அவ்வளவு நேரமும் பட்டறை வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.  நான் அந்த அம்மாவிடம் போய், "இப்ப ஒரு பயமும் இல்லீங்கம்மா. நான் முழுசாப் பாத்துட்டேன். தைரியமாப் போகலாம்" என்றேன்.

"ரொம்ப சந்தோசமுங்க. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? வந்ததுலிருந்து படுத்துட்டே வேல பாத்தீங்க."

"ஆச்சுங்கம்மா."

"செரிங்க" என்று எழுந்து, பையைத் தோளில் மாட்டினார். "வா கண்ணு" என்று மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கார் நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ரோட்டைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். கோத்தகிரி பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள்.

நாச்சிமுத்துவுக்குச் சங்கடமாகிவிட்டது. "அவளுக்குக் கார்ல போனாத் தலை சுத்துமுங்க" என்றார். மலைப் பாதையில் பஸ்ஸில் போனால் சுற்றாத தலையா? ஆமாங்க என்றேன்.

அவர் காரை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ்ஸுக்குப் பின்னால் கிளம்பினார். அந்தக் காரில் அப்போது இருந்தது சரியான டிஃபரன்ஷியல். என் ஆயுசில் ஒரு காரை அவ்வளவு கவனமாகப் பார்த்தது இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அதை எப்படித் தெரியும்? அவரிடம் இருந்தது என் வாய்வார்த்தை மட்டும்தான். அதை வியாழக்கிழமையும் கொடுத்திருந்தேனே.

பஸ் என்னைத் தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா இரண்டு கையும் கூப்பி, சிரித்த முகமாகக் கும்பிட்டார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டேன்.